தலைப் பக்கம் யார் முறை

இடுப்பு இடது பக்கம் மட்டும் வலித்தது. கட்டையனை முதலில் உறுத்தியது அதுதான்.

வலி அவனுக்குப் புதிதல்ல. பெட்டி தூக்கிப் பிழைக்கிறவனுக்கு உடம்பு வலிக்காத நாள் வந்தால் அன்றைக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் அவனுடைய வலி நியாயமான வலி. இடது இடுப்பில் பாதி, வலது தோளில் பாதி என்று சண்டையில்லாமல் பாகம் பிரித்துக்கொண்டு வரும். இந்த ஒரு வாரமாகத் தோள் லேசாக இருந்தது. இடுப்பில் மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, எழுந்திருக்க மனசு வராமல், இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டே யோசித்தான். உடம்பு பொய் சொல்லாது. யாரோ தன் முறையைத் தூக்காமல் ஏய்க்கிறார்கள். யாரோ என்ன யாரோ. பெட்டியின் மறுமுனையைப் பிடிப்பது ஒரே ஒரு ஆள்தான். அவனுடைய மாப்பிள்ளை. தங்கச்சி புருஷன்.

அவர்கள் வேலை பார்த்த குளிர் கிடங்கில் பெரிய மீன்கள் ஆள் நீள மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். உறைந்து கல்லாகிப்போன மீன்களை அடுக்கும்போது தலைகளையெல்லாம் ஒரே பக்கமாக வைத்துத்தான் அடுக்குவார்கள். அதனால் பெட்டிக்கு ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. கனமான பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருக்கும். அது தலைப் பக்கம். மற்றது வால் பக்கம். ஒரு பெட்டிக்கு இரண்டு ஆள். இந்தப் பெட்டிக்கு நான் தலை பிடித்தால் அடுத்த பெட்டிக்கு நீ தலை. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறினதும் இல்லை. ஜோடிக்குள் தீப்பெட்டியை ஒளித்து வைக்கலாம், சாப்பாட்டில் நல்ல துண்டைத் தள்ளிக்கொள்ளலாம். தலைப் பக்கத்தில் ஏமாற்றினவனோடு மட்டும் அப்புறம் ஒருத்தனும் ஜோடி சேரமாட்டான்.

கட்டையன் குட்டை, மாப்பிள்ளை நெட்டை. கிடங்கில் அந்த ஜோடிக்கு 'ஒண்ணரை' என்று பெயர். யார் ஒன்று, யார் அரை என்பதில் மட்டும் மாப்பிள்ளைக்குச் சந்தேகமே கிடையாது. தங்கச்சியை அவனுக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது கட்டையன் செய்த சிபாரிசு ஒரே ஒரு வாக்கியம்தான்: "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தலைப் பக்கத்துல என்னை ஏமாத்தினதில்ல, போதாதா?" போதும் என்று வீடு ஒப்புக்கொண்டது.

அப்புறம் கண்ணாடி வந்தது.

வேலைக்குள் நுழைகிற ஆள் ஒவ்வொருவனும் உடை மாற்றும் அறையிலேயே அதைக் கண்ணில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினதும் காதோரக் குமிழ்கள் குளிர்காற்று இயந்திரங்களின் இரைச்சலை விழுங்கிவிடும். கிடங்கு கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சமாகிவிடும். எந்தப் பெட்டி, பெட்டி அடுக்கிய ரேக்குகளுக்கு நடுவே எந்தச் சந்து, எங்கே கை வைக்க வேண்டும் என்று பச்சை நிறத்தில் இரண்டு கைத்தடங்கள் மரத்தின்மேல் மினுங்கும். கண்ணாடியே வெளிச்சம் காட்டுகிறதே என்று கொஞ்ச நாளில் விளக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து கிடங்கில் பகல் கிடையாது, ராத்திரி கிடையாது. கண்ணாடி இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் குருட்டு இருட்டு. குளிர் மட்டும் இரண்டுக்கும் பொது.

யார் தலைப் பக்கம் பிடிப்பது என்பதையும் கண்ணாடிதான் சொன்னது. முறை பேசினால் நேரம் வீணாகிறது என்று குமிழில் ஒரு பெண் குரல் பணிவாகக் கண்டிக்கும். ஜோடிகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தலை பிடித்தவன் பெட்டியை இறக்கும் முன்னால், அடிப்பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். அடுத்து உன் முறை என்று அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் இரண்டு தட்டுத் தட்டி ஒப்புக்கொள்வான். அடுத்த பெட்டிக்குக் கைத்தடம் எங்கே மினுங்கினாலும் சுற்றி வந்து மாறி நின்றுகொள்வார்கள். பெட்டிக்கு அடியில் கண்ணாடிக்குக் கண் இல்லை. தட்டு காதுக்குக் கேட்காது, மரத்தின் வழியாகக் கைக்குத்தான் வந்து சேரும்.

ஒரு வாரத்துக்கு முன்னால் கட்டையனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தலைப் பக்கம் அவன் முறை. குனிந்தவனால் நிமிர முடியவில்லை. மாப்பிள்ளை சுற்றி வந்து அவனைத் தோளால் தள்ளி விலக்கிவிட்டுச் சிவப்புக் கோட்டுப் பக்கம் போய் நின்றான்.

"நாளைக்குப் படுத்து எந்திரிச்சிட்டு வா மச்சான். உன் முறை ஒண்ணு என்கிட்ட இருக்கு. மறந்துடுவேன்னு மட்டும் நெனைக்காத."

மறுநாள் கட்டையன் லீவு போட்டான். அதற்கு மறுநாள் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை கிடங்குக்குள்ளேயே இருந்தான். இரட்டை ஷிப்ட் எடுத்துக்கொண்டதாகவும், பின்பக்கம் இருக்கும் கம்பெனி விடுதியில் தங்கிக்கொண்டு அந்தப் பக்கக் கதவு வழியாகவே வருகிறதாகவும் சொன்னான். முதல் பெட்டிக்குக் கட்டையன் தானாகவே தலைப் பக்கம் பிடித்தான், கடனை அடைத்த மாதிரி ஆகட்டும் என்று. இறக்கும்போது இரண்டு தட்டுத் தட்டினான்.

பதில் வரவில்லை.

சரி, கவனிக்கவில்லை. அடுத்த பெட்டிக்கும் கைத்தடம் சிவப்புக் கோட்டுப் பக்கமே மினுங்கியது. மாப்பிள்ளை வால் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நகரவில்லை. அன்று முழுக்க நகரவில்லை. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். பெட்டியை இறக்கினதும் கட்டையன் வழக்கமாகச் சொல்கிற, "இதையும் கரை சேத்தாச்சு" என்ற பெண்ணைப் பெற்றவன் பெருமூச்சுக்கு மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சிரித்தான். பழைய மாப்பிள்ளை அந்த ஜோக்குக்குச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

இன்னொன்றும் இருந்தது. மூச்சு. அந்தக் குளிரில் வாயைத் திறந்தாலே வெள்ளையாகப் புகை கிளம்பும். கட்டையன் பெட்டியைத் தூக்கி நடக்கிறபோது அவன் முகத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சின்ன மேகம் இருக்கும். மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. பேசும்போதும் இல்லை. கட்டையன் அதைப் பார்த்தான். சுமக்காதவனுக்கு மூச்சு ஏன் வாங்கப் போகிறது என்று வயிற்றெரிச்சலோடு நினைத்துக்கொண்டான்.

படுக்கையில் உட்கார்ந்து யோசித்த அன்று மாலை தங்கச்சி வீட்டுக்குப் போனான். அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்த்து வைத்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனில் அவள் புருஷன். விடுதி அறையாம். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல், ஜன்னலில் வெயில். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

தங்கச்சிக்குப் பூரிப்பு. இப்போதெல்லாம் தினமும் பேசுகிறாராம். என்ன சமைத்தாய், கால் வலி எப்படியிருக்கிறது என்றெல்லாம் கேட்கிறாராம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆம்பிளை இல்லை என்றாள்.

"தூர இருந்தாத்தான் அண்ணே புருஷனுக்குப் புத்தி வருது. அங்கேயே இருக்கட்டும்."

கட்டையன் போனுக்கு முன்னால் குனிந்தான். இடுப்பு சுரீர் என்றது. தலைப் பக்கம் யார் முறை என்று நேராகக் கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். பழைய ஆளாக இருந்தால் பதில் வரும் வேகத்தில் போன் சூடாகியிருக்கும். என்னைக்கு, எந்தச் சந்தில், எந்தப் பெட்டி என்று புள்ளி விவரத்தோடு கிழித்திருப்பான்.

மாப்பிள்ளை சிரித்தான். "அதெல்லாம் பாத்துக்கலாம் மச்சான்."

கட்டையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். தனக்கு வந்தது கோபம்தான் என்று நினைத்துக்கொண்டான். கம்பெனிக்காரன் ஆகிவிட்டான், இனி மேஸ்திரி ஆவான், அதற்கு என் இடுப்புதான் ஏணி. அப்படியே வெளியே வந்தான். வாசலில் நிற்கும்போது உள்ளே அவள் மறுபடி சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு மனுஷன் இப்படியா மாறுவான் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே நடந்தான்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் பெஞ்சுக்கு அடியில் மாப்பிள்ளையின் செருப்பைப் பார்த்தான். வார் அறுந்து செம்புக் கம்பி போட்டு முறுக்கினது. அவன் பூட்ஸ் மாட்டும் முன் கழற்றி விடுகிற அதே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தூசி படிந்து கிடந்தது. விடுதிக்கு வெறுங்காலோடா போனான்?

மேற்பார்வையாளரிடம் கேட்டான். அந்த ஆளுக்குத் தொப்பி என்று பெயர். வழுக்கையை மறைக்கப் போட்ட தொப்பி. போன வருஷம்வரை அவனும் பெட்டி தூக்கினவன்தான். மூன்று பேரும் ஒரே தூக்குச்சட்டியில் கை நனைத்தவர்கள். இப்போது வேலை நேரத்தில் சார் என்று கூப்பிட வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான், கொஞ்சம் கூச்சத்தோடு. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு அதற்கு மேலாகப் பார்த்துப் பேசுவது அவன் பழக்கம். தலை சுற்றுகிறது என்பான். அன்றைக்குக் கேள்வி முடிவதற்குள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டான். செருப்புதானே, வேறு வாங்கியிருப்பான் என்றான். மாப்பிள்ளையை வெளியே, வெயிலில், ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்று கட்டையன் சொன்னான். தொப்பி வேறெங்கோ பார்த்தான்.

"தினம் பாக்குறியேடா. இன்னும் எப்படிப் பாக்கணும்? உள்ள போ. கண்ணாடியை மட்டும் கழட்டாத, சொல்லிட்டேன்."

மத்தியானம் சாப்பிட வந்தபோது பெஞ்சுக்கு அடியில் செருப்பு இல்லை. தூசியில் இரண்டு பாத அளவுக்குச் சுத்தமான இடம் மட்டும் இருந்தது.

ஒரு வாய் சோறு எடுத்தான். மூடி வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். கனத்த கதவு பின்னால் ரப்பர் உதட்டைக் கடித்துக்கொண்டு மூடியது. கண்ணாடிக்குள் கிடங்கு எப்போதும்போலப் பளிச்சென்று, துடைத்துவிட்ட மாதிரி, ஒரு கறைகூட இல்லாமல், இத்தனை மீனுக்கு நடுவில் ஒரு செதில்கூடத் தரையில் கிடக்காமல் நீண்டு கிடந்தது. நாற்றம் மட்டும் பழைய நாற்றம், இரும்பும் உப்பும் கெட்டிப்பட்ட பனியும் கலந்து மூக்கின் உட்சுவரை அறுக்கிற நாற்றம், அதற்கு அடியில், மிக அடியில், யாரோ ஈரக் கம்பளியை மடித்து வைத்த மாதிரி இன்னொன்று. மாப்பிள்ளை கடைசிச் சந்தில் பெட்டியோடு காத்திருந்தான். கடைசிச் சந்துக்கு அப்பால் சுவர். முன்பு அங்கே இன்னொரு சந்து இருந்ததாகக் கட்டையனுக்கு நினைவு. பழுது பார்க்க அடைத்துவிட்டார்கள் என்று லீவிலிருந்து வந்த அன்று தொப்பி சொல்லியிருந்தான்.

பச்சைக் கைத்தடங்கள் சிவப்புக் கோட்டுப் பக்கம் மினுங்கின.

குனிந்தான். தூக்கினான். மறுமுனையும் சரியாக அதே நொடியில் எழுந்தது, ஒரு மயிரிழை முன்பின் இல்லாமல். அது ஒன்றே போதும். எத்தனை வருஷம் ஜோடியாக இருந்தாலும் மனுஷன் தூக்கினால் ஒரு துளி ஆட்டம் இருக்கும், ஒருத்தன் மூச்சுப் பிடிப்பது இன்னொருத்தன் கைக்குத் தெரியும். இந்தப் பெட்டியில் அவனுடைய மூச்சு மட்டுமே இருந்தது. நாலடி நடந்தான். நின்றான். அடிப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

மாப்பிள்ளை சிரித்தான்.

மறுபடி தட்டினான். முட்டி வலிக்க. மரம் செத்த மரமாக இருந்தது.

"மாப்ள. ரெண்டு தட்டு தட்டுடா. எதுக்குன்னு கேக்காத. தட்டு."

"தட்டிட்டாப் போச்சு மச்சான்," என்றான் மாப்பிள்ளை. கை அசையவில்லை. எதைத் தட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கட்டையன் தன் பக்கத்தை மெல்லத் தரையில் இறக்கினான். மறுமுனை அந்தரத்திலேயே நின்றது. பக்கத்தில் இருந்த ரேக்கின் இரும்புக் காலில், ஏன் என்று தெரியாமல், பழக்கத்தில், கை இரண்டு தட்டுத் தட்டியது. உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்தபடி நின்றான்.

இரும்பு பதில் சொன்னது.

இரண்டு தட்டு. மெதுவாக. நிதானமாக. கைக்குத்தான் வந்தது, காதுக்கு வரவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பக்கமிருந்து அல்ல. சுவரின் பக்கமிருந்து.

சுவரைப் பார்த்தான். சுத்தமான, புதிதாகப் பூசிய சுவர். அதிலிருந்து காற்று வந்தது. நெற்றி வேர்வையைச் சில்லென்று ஆக்கியது. ஈரக் கம்பளி நாற்றம் அந்தக் காற்றில்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினான்.

இருட்டு மூஞ்சியில் அறைந்தது. இரைச்சலும் கூடவே. இத்தனை நாள் குமிழ்கள் விழுங்கி வைத்திருந்த அத்தனை காற்றாடிகளும் ஒரே சமயத்தில் தலைக்கு மேல் உறுமின. அதற்கு நடுவில், பெட்டியின் மறுமுனையில், மெல்லிய ஒரு கிர்ர். நிற்காத கிர்ர். பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனான். மரம். ஆணித்தலை. மரம். மாப்பிள்ளையின் கை இருக்க வேண்டிய இடம் வந்தது. கை இல்லை. ரப்பர். இரண்டு தடித்த விரல். அதற்குப் பின்னால் எண்ணெய் பூசிய தண்டு. அதற்குப் பின்னால் சக்கரம்.

கையில் பிடித்திருந்த கண்ணாடியின் குமிழிலிருந்து எறும்பளவு குரல் வந்தது. மாப்பிள்ளையின் குரல். "மச்சான், தூக்கு. நேரமாவுது மச்சான்."

சுவரை நோக்கி நடந்தான். கையை நீட்டியபடி. சுவர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் நடந்தான். வரவில்லை. சந்து இருந்தது. எங்கேயும் போகவில்லை, எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பின்னால் சக்கரச் சத்தம். இன்னொன்று. ரப்பர் சக்கரங்கள் அவன் நின்றிருந்த இடத்துக்கு உருண்டு வந்து நின்றன. இன்னொரு கிர்ர்.

பூட்ஸில் ஏதோ நொறுங்கியது. பனி. குனிந்தான். உடைந்த பலகை. சிதறிய மீன், கல் மீன். சாய்ந்து கிடக்கும் பெட்டி. சிவப்புக் கோடு இருட்டில் தெரியாது. கனத்தைத் தள்ளிப் பார்த்தான். தலைப் பக்கம். தலைப் பக்கத்துக்கு அடியில் துணி. கெட்டியாகிப்போன கம்பளி. அதற்குள் தோள்.

தோளிலிருந்து கையைப் பிடித்துக்கொண்டு போனான். முழங்கை. மணிக்கட்டு. கையுறை இல்லை. விரல்கள் மரக்குச்சி மாதிரி. நடுவிரல் கோணல். என்றோ ஒரு பெட்டி நசுக்கி, கோணலாகவே கூடிப்போன விரல். அந்த விரல் மடங்கியிருந்தது. அதன் முட்டி, அதே ரேக்கின் இந்தப் பக்க இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டு உறைந்திருந்தது. இரும்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. பனி ஒட்டியிருந்தது. பல நாள் பனி.

"மாப்ள," என்றான். மூச்சுதான் வந்தது.

கட்டையன் லீவு போட்ட நாள். ஒரு ஆள் இல்லாத நாள். அன்றைக்குத் தலையும் மாப்பிள்ளையே, வாலும் மாப்பிள்ளையே.

அவனுக்குத் தன் கண் வேண்டியிருந்தது. வெளிச்சம் வேண்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

வெளிச்சம் வந்தது. தரை சுத்தமாக இருந்தது. பெட்டி இல்லை, மீன் இல்லை, பனி இல்லை. துடைத்த தரை. அந்தத் தரைக்கு மேல் அவனுடைய கை வளைந்து, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலுக்குள் கோணல் விரலின் குளிர் ஏறியது. கண்ணுக்கு வெறும் காற்று.

அவன் விட்டுவிட்டு வந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பெட்டி எழுந்து போய்க்கொண்டிருந்தது. வால் பக்கம் மாப்பிள்ளை. தலைப் பக்கம் ஒரு குட்டை ஆள். இடது இடுப்பைக் கொஞ்சம் வளைத்து நடந்தான். வலிக்கிறவன் நடை. தன் முதுகை அவன் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அந்தக் குட்டை ஆளின் முகத்துக்கு முன்னால் புகை இல்லை.

தூரத்தில் கதவு திறந்தது. கட்டையன் கண்ணாடியைப் பிடுங்கி எறிய, அது நூல்போல் ஒரு குரலை இழுத்துக்கொண்டு காலடியில் விழுந்தது. நடைவழியின் நிஜ வெளிச்சம், மஞ்சளாக, ஒரு முழம் அகலத்தில் கிடங்குக்குள் நீண்டது. அதில் இரண்டு இயந்திரங்கள் ஒரு பெட்டியை நடுவில் பிடித்துக்கொண்டு வெளியே உருண்டு போயின. வாசலில் தொப்பி நின்றிருந்தான். கண்ணாடி மூக்கு நுனியில். அதற்கு மேலாக நேரே அந்தச் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டையன் கத்தினான். சார் என்று கத்தவில்லை. கூடச் சாப்பிட்ட நாளில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கத்தினான்.

தொப்பி அசையவில்லை. கேட்டது என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கையைத் தூக்கினான். ஒரு விரலால் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டான். ஏற்றினதும் அவன் முகத்திலிருந்து பாரம் இறங்கியது. பக்கத்தில் யாரோ தோளோடு தோள் நின்று ஜோக் சொன்ன மாதிரி, வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்தான்.

"ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க," என்று உள்ளே யாருக்கோ சொன்னான். "அடைச்சிடலாம்."

கட்டையன் ஓடினான். இடுப்பு விடவில்லை. பனியில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தான். வெளிச்சம் ஒரு முழத்திலிருந்து ஒரு சாண் ஆனது. சாணிலிருந்து விரல் அகலம். அந்த விரலகல வெளிச்சம் கடைசியாக அவன் தோளைத் தாண்டி, சந்தின் உள்ளே, ஒரு திறந்த வாயின்மேல், வாய்க்குள் நிறைந்திருந்த வெள்ளைப் பனியின்மேல் விழுந்தது. கதவு ரப்பர் உதட்டைக் கடித்தது.

இருட்டு.

இன்று மாலை தங்கச்சியின் போனில் புருஷன் பேசுவான். அப்புறம் அண்ணன் பேசுவான். என்ன சமைத்தாய் என்று கேட்பான்.

தரையில் எங்கோ கிடந்த கண்ணாடிக்குள் அவனுடைய குரலே களைப்பாகச் சொன்னது: "இதையும் கரை சேத்தாச்சு." கூடவே மாப்பிள்ளையின் சிரிப்பு. ஒரே மாதிரி.

அவன் தவழ்ந்து வந்து இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டான். வேறு பிடிக்க ஒன்றும் இல்லை. தட்டவில்லை. கையை வைத்திருந்தான், அவ்வளவுதான்.

கைக்குள் இரும்பு அதிர்ந்தது. இரண்டு தட்டு.

சிறிது இடைவெளி விட்டு, மறுபடி இரண்டு.

தலைப் பக்கம் ஒரு தடவை. மாப்பிள்ளைக்கு அவன் தூக்கிக் கொடுக்க வேண்டியது. இன்னும் பாக்கி.